தரவரிசை நகரத்துக்கு, வெள்ளம் உங்கள் வீட்டுக்கு

திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் வீடு வாங்கும்போது ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். "இந்தியாவிலேயே நாலாவது இடம் சார், இந்த ஊருக்கு" என்று தரகர் கைபேசியை நீட்டுகிறார். இவர்கள் முன்பணத்தை நீட்டிவிடுகிறார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால், கூடத்தில் முழங்கால் தண்ணீர். அதற்குப் பிறகுதான் "எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்ற கேள்வியே வருகிறது.

தரகர் சொன்னது பொய்யில்லை. நிதி ஆயோக் 2021 நவம்பரில் வெளியிட்ட நகர்ப்புற நிலைத்த வளர்ச்சிக் குறியீட்டில், 56 நகரங்களில் சிம்லா, கோவை, சண்டிகருக்கு அடுத்து திருவனந்தபுரம்தான். 2024-இல் ஐ.நா. வாழிட அமைப்பின் ஷாங்காய் விருதும் கிடைத்தது. அதே 2024 ஜூலையில்தான், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். செப்டம்பரில், ரயில் பாதைப் பணிக்காகக் குடிநீர்க் குழாயை மாற்றப் போய், நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகள் நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் தவித்தன. விருதும் உண்மை, வறண்ட குழாயும் உண்மை. தரவரிசை என்பது ஊர் முழுவதற்குமான சராசரி. நீங்கள் குடியிருக்கப் போவது ஒரு சர்வே எண்ணில்.

எண்களிலும் கவனம் வேண்டும். 2011 கணக்கெடுப்பை வைத்தே மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 7.43 இலட்சம் என்று ஓரிடத்தில் இருக்கும். ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஊராட்சிகள் சேர்ந்த கணக்கில் 9.57 இலட்சம் என்று இன்னோரிடத்தில் இருக்கும். இத்தனை பேருக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு என்று முதலில் கேளுங்கள். வார்டு எல்லைகளும் 2025-இல் மாறிவிட்டன. பழைய வார்டுப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள்.

இனிச் சரிபார்க்க வேண்டியவை. இவை முடியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் வில்லேஜ் ஆபீஸ். பிளாக் எண்ணும் ரீசர்வே எண்ணும் எடுத்துப்போய், அடிப்படை வரிப் பதிவேட்டில் அந்த இடம் 'புரையிடம்' (வீடு கட்டக்கூடிய மேட்டு நிலம்) என்றிருக்கிறதா, 'நிலம்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். கிரயப் பத்திரத்தில் புரையிடம் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, பதிவேட்டையே பாருங்கள். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தயாரித்த டேட்டா பேங்கில் அந்த எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேளுங்கள். இருந்தால், தவறாகச் சேர்த்ததாக நிரூபித்து நீக்கப் படிவம் 5. டேட்டா பேங்கில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் 'நிலம்' என்றிருந்தால், 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. "அதெல்லாம் மாத்திக்கலாம் சார்" என்பார்கள். விற்பவரே மாற்றி, உத்தரவு நகலைக் கையில் கொடுக்கட்டும். அதுவரை முன்பணம் வேண்டாம்.

அடுத்து மாநகராட்சி. கட்டட அனுமதி, வரைபடம், குடியேறும் சான்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டு எண்ணோடு 'யு.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால், அது அனுமதியில்லாத கட்டடம். வரி வசூலிப்பதற்காக மட்டும் கொடுத்த எண். வரி ரசீதைக் காட்டி "எல்லாம் கிளியர்" என்பவரை நம்பாதீர்கள். உள்ளாட்சிச் சேவைகளுக்காக 2024 ஜனவரியில் தொடங்கிய கே-ஸ்மார்ட் இணையதளத்தில், அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அதையும் பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால், எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள திட்டம் கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கே-ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரமே சட்டவிரோதம். ஏமாந்தால் ஆணையத்துக்குப் படிவம் 'எம்', இழப்பீட்டுக்குப் படிவம் 'என்'.

மூன்றாவது தண்ணீர். பாதாளச் சாக்கடை நகரம் முழுவதும் இல்லை. முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளும். ஆனால் உங்கள் தெருவிலிருந்து அங்கே குழாய் போகிறதா என்பதுதான் கேள்வி. செப்டிக் டேங்க் என்றால், கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் வேண்டும் என்கிறது கட்டட விதி. டேப் பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளங்கள். கிணற்று நீரை வாட்டர் அதாரிட்டியின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி இருக்கவே கூடாது. தெளிவாக இருக்கிறது, இனிப்பாக இருக்கிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது.

நான்காவது வெள்ளம். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெள்ள அபாய வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் நேரில் போங்கள். சுவரில் முழங்கால் உயரம்வரை மட்டும் புதுப் பெயின்டா? மின் மீட்டர் பலகை ஆளுயரத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா? காம்பவுண்டு சுவரின் உட்புறம் சேற்றுக் கோடு தெரிகிறதா? 2023 அக்டோபர் மழையில் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

இத்தனைக்கும், அரசு அலுவலகங்கள் இயன்றவரை விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. 2005-இல் வந்த சட்டம். விருது வாங்கிய படம் உடனே இணையதளத்தில் ஏறுகிறது. எந்தத் தெருவில் தண்ணீர் புகுந்தது என்ற பட்டியலைத் தேடிக் களைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தகவல் உரிமை மனுவை வெள்ளைத் தாளில் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். குடிநீருக்கு வாட்டர் அதாரிட்டியின் வெள்ளயம்பலம் ஜலபவன், வடிகாலுக்கு மாநகராட்சி, நிவாரண முகாம் விவரத்துக்குத் தாலுகா ஆபீஸ். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் குடிநீர் நிறுத்திய நாட்களின் பதிவேட்டு நகல் தருக" என்று கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

"அதுக்குள்ள வேற ஆள் வாங்கிடுவாங்க" என்று தரகர் அவசரப்படுத்துவார். வாங்கட்டும். காகிதம் சரியாக உள்ள வீடு ஒரு மாதம் காத்திருக்கும். காத்திருக்க முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.