பிளாஷ் இல்லாமல் முகூர்த்தப் படம்: ஸ்டுடியோ உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்

துணிக்கடையில் விற்ற புடவை சாயம் போனால் மாற்றிக் கொடுக்கலாம்; மளிகையில் எடை குறைந்தால் ஈடு செய்யலாம். தாலி கட்டும் நேரத்துப் படம் கெட்டுப்போனால் மறுபடி எடுக்க வழியில்லை. ஜெயங்கொண்டத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஸ்டுடியோ நடத்தும் நம் உறுப்பினர்களின் பெயர் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. பந்தலில் எல்லோர் கையிலும் செல்போன் கேமரா இருக்கும் இக்காலத்தில், அதைவிட நல்ல படம் கொடுத்தால்தான் நமக்குத் தொழில்.

விடியற்கால முகூர்த்தத்தில் நேராக பிளாஷ் அடித்தால் ஓமப் புகையில் ஒளி பட்டுத் திரும்பிப் படம் வெளுக்கிறது; வியர்த்த முகம் பளபளக்கிறது; குத்துவிளக்கின் பொன்னிறம் காணாமற் போகிறது. பிளாஷைத் தவிர்ப்பது புதிய யோசனையல்ல. 1924-ல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனாக்ஸ் கேமராவின் அகன்ற லென்ஸைக் கொண்டு, எரிக் சாலமன் என்பவர் நீதிமன்றத்திலும் மாநாட்டு அறைகளிலும் பிளாஷ் இல்லாமலே படம் எடுத்தார்.

சூட்சுமம் லென்ஸில்தான் இருக்கிறது. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ், நெருக்கி எடுக்கும்போது எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதைப் போல் சுமார் 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். விலையுயர்ந்த கேமராவுக்குக் கடன் படுமுன் இந்தச் சிறு முதலீட்டைச் செய்வதே லாபம். எஃப் 2, ஷட்டர் 1/100, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை வைத்துப் பார்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 தடவை மினுக்கும்; ஷட்டரை 1/100-ல் வைத்தால் படத்தில் பட்டை விழுவது பெரும்பாலும் தவிரும்.

ஆனால் லென்ஸை அகலத் திறந்தால் ஒரு முகம் தெளிவாகி, பின்னால் நிற்பவர் மங்கிவிடுவார். எனவே உறவினர் குழுப் படத்துக்கு பிளாஷே நல்லது. முதல் நாள் மாலையே மணவறைக்குச் சென்று இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். லைட் போடும் நண்பரிடம், மஞ்சள் பல்பும் வெள்ளை விளக்கும் கலக்காமல் ஒரே நிறத்தில் போடச் சொல்லுங்கள். கலந்தால் முகத்தின் நிறம் கெடும்.

அட்வான்ஸ் வாங்கும்போதே பெண் வீட்டாரிடம் பழைய ஆல்பத்தைக் காட்டி, "விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படம் இப்படி இருக்கும், சிறிது மணல் மணலாகவும் தெரியும்" என்று சொல்லிவிடுவோம். சொல்லிச் செய்த வேலையில் பின்னால் மனத்தாங்கல் வராது. ஒரு கல்யாணத்தில் மனம் நிறைந்தவர், அடுத்த கல்யாணத்துக்கும் நம் கடைப்படிதான் ஏறுவார்.