களத்திலிருந்து கல்லூரிக்கு – 6: கோச்சுக்கு யார் எழுதுவது?

சென்ற வாரம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பள்ளியில் முடிக்கச் சொல்லும் 16 கோர் பாடங்களைப் பார்த்தோம். முதல் டிவிஷனில் ஆட வேண்டுமென்றால், அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்டை எடுத்து எண்ணிப் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் கோச்சுக்கு எழுதும் வேலை. உதாரணத்துக்குப் பெண்கள் டென்னிஸை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் அதிகம் கேட்பது அதைப் பற்றித்தான்.

எழுத வேண்டியது பிள்ளை. அப்பா அல்ல, அம்மா அல்ல, இத்தனை வருடம் பயிற்சி கொடுத்த மாஸ்டரும் அல்ல. நம் வீடுகளில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம். ஸ்கூல் அட்மிஷனிலிருந்து டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை பிள்ளைக்காக நாமே பேசிப் பழகிவிட்டோம். பதினாறு வயதுப் பெண்ணை ஒரு பல்கலைக்கழகக் கோச்சோடு தனியாகப் போனில் பேச விட மனம் வராது. ஆனால் அந்தக் கோச் நான்கு வருடம் பஸ்ஸிலும் ஹோட்டலிலும் மைதானத்திலும் கூட வைத்துக்கொள்ளப் போவது அவளைத்தான். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவே தன்னிடம் அவள் வாய் திறந்து பேசுவாளா என்று அவர் பார்க்கிறார். அப்பாவின் ஆபீஸ் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனால் இரண்டாவது வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

கடிதம் சிறிதாக இருக்கட்டும். எந்த வருடம் பள்ளி முடிக்கிறாள், யூ.டி.ஆர். என்கிற டென்னிஸ் ரேட்டிங் எவ்வளவு, மதிப்பெண் சராசரி என்ன, அடுத்த இரண்டு மாதத்தில் எந்தப் போட்டிகளில் ஆடுகிறாள், வீடியோவுக்கு லிங்க். அந்தக் கல்லூரியை ஏன் நினைக்கிறாள் என்பது இரண்டு வரி. அந்த இரண்டு வரியை வேறு எந்தக் கல்லூரிக்கும் அனுப்ப முடியாதபடி எழுதியிருக்க வேண்டும். வீடியோவில் ஜெயித்த பாயின்ட்டுகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். ஒரு முழு செட் இருந்தால் கோச்சுக்கு அதுதான் பயன்படும். தவறான ஷாட் அடித்த பிறகு அவள் எப்படி நிற்கிறாள் என்பதையும் அவர் பார்ப்பார்.

"எழுதி மூன்று வாரமாச்சு, பதிலே இல்லைங்க" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா வருத்தப்படுவார். முதல் டிவிஷன் டென்னிஸ் கோச், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்பு தனிப்பட்ட பதில் எழுதவே கூடாது என்பது விதி. அதற்கு முன் வரும் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஜூன் 15 தாண்டியும், பதினோராம் வகுப்பு பாதி போன பின்பும், இரண்டு மூன்று கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் அதுதான் பதில். அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

அப்படியென்றால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிய வேலை. அணியின் இணையதளத்தில் ரோஸ்டர் பக்கம் இருக்கும். ஒவ்வொரு வீராங்கனையின் பெயருக்கும் பக்கத்தில் எந்த வருடம் படிக்கிறாள், எந்த ஊர், முன்பு எங்கே படித்தாள் என்று போட்டிருப்பார்கள். எல்லோரும் கடைசி வருடத்தில் இருப்பவர்களை எண்ணி, 'மூன்று இடம் காலியாகிறது' என்று சந்தோஷப்படுகிறார்கள். உங்கள் பெண் இப்போது பதினோராம் வகுப்பு என்றால் அந்த இடங்கள் அவளுக்கல்ல, இப்போது பன்னிரண்டில் இருப்பவர்களுக்கு. நீங்கள் எண்ண வேண்டியது மூன்றாம் வருடத்தில் இருப்பவர்களை. அவர்கள் படிப்பை முடிக்கும்போதுதான் இவள் உள்ளே போவாள். பிறகு 'முன்பு படித்த இடம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே வேறு கல்லூரிகளின் பெயர்கள் நிறைய இருந்தால், அந்தக் கோச் பள்ளிப் பிள்ளைகளைவிட கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் வருபவர்களை விரும்புகிறார் என்று பொருள். ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். முதல் டிவிஷன் டென்னிஸில் பல அணிகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு மாலை நேரம் இப்படிப் பத்து ரோஸ்டர்களைப் படித்தால், ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் ரெக்ரூட்டிங் ஏஜென்சி சொல்வதைவிடத் தெளிவாக உங்களுக்கே புரியும். அந்தப் பணத்தைப் போட்டிகளுக்கான பயணத்தில் செலவழியுங்கள் என்பதே என் கருத்து.

பணப் பேச்சும் பெற்றோருடையது. 2025 ஜூன் 6 அன்று கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. டென்னிஸுக்குப் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. கொடுக்கக் காசு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கோச் வாய்வார்த்தையாகச் சொல்லும் 'உனக்கு இடம் உண்டு' யாரையும் கட்டுப்படுத்தாது. எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு, காயம்பட்டால் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் டிவிஷன் என்றதும் முகம் சுளிக்கும் அப்பாக்கள் உண்டு. எம்.ஐ.டி., கால்டெக், சிகாகோ, எமரி எல்லாம் மூன்றாம் டிவிஷன்தான். அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஐவி லீக்கிலும் கிடையாது. தமிழ்நாட்டு ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் படித்து ஆடிய கொலம்பியா ஐவி லீக்கைச் சேர்ந்தது. இத்தகைய பல கல்லூரிகளில் குடும்ப வருமானத்தை வைத்து உதவித்தொகை தருகிறார்கள். அது, அரைகுறை விளையாட்டு ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிய தொகையாகவும் இருக்கலாம். கல்லூரி இணையதளத்திலேயே கட்டணக் கணக்குப் போடும் வசதி உண்டு. பெண் முதல் கடிதம் எழுதும் முன்பே அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கடை விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குகிறது என்று உங்கள் பிள்ளையையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஹெச்-4இல் வேலை பார்த்துச் சம்பாதிக்கப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பிற்பாடு மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினாலும் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. கோச்சுக்குக் குடியேற்றச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் 'பரவாயில்லை' என்று சொன்னாலும், கையெழுத்துக்கு முன்னால் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம்: கல்லூரி செலவில் போகும் அஃபிஷியல் விசிட், அங்கே பிள்ளை யாரிடம் என்ன கேட்க வேண்டும்.

(தொடரும்)