பெட்டியும் பொருளும்

புதுப் பொருள் ஒன்று வீட்டுக்கு வரும்போது அழையாத விருந்தாளி ஒன்றும் உடன் வருகிறது. பொருள் தனக்குரிய இடத்தில் அமர்ந்துவிடும். அதனைச் சுமந்து வந்த பெட்டியோ போக்கிடமின்றிக் கூடத்தின் நடுவே நிற்கும். "எறிந்துவிடலாம்" என்பார் வீட்டில் ஒருவர். "இருக்கட்டும், ஒரு காலத்துக்கு உதவும்" என்பார் மற்றொருவர். பெரும்பாலும் இரண்டாமவர் பேச்சே எடுபடும். சில ஆண்டுகள் செல்ல, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சிறிய அறையிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீட்டிலும் மனிதருக்குரிய இடத்தில் வெறும் பெட்டிகள் குடியேறியிருக்கும்.

இப்பழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. முன்னாளில் ஒரு பொருளோடு வந்த கலம் பொருளைப் போலவே பயன்பட்டது. வெறுமையான பால்பேணி அரிசி அளக்கும் சுண்டாயிற்று. பிசுக்கோத்துத் தகரம் பயற்றம் பணியாரமும் முறுக்கும் வைக்கும் பாத்திரமாயிற்று. சிக்கனம் அன்று இல்லறத்தின் இலக்கணம். ஆனால், அக்கலங்கள் தகரமும் கண்ணாடியும் ஆனவை. இன்று வருவன அட்டையும் பொலித்தீனும் ரெஜிபோமும். பொருள் மாறியபின்னும் பழக்கம் மாறாமல் நிற்பதே இங்குள்ள சிக்கல்.

கொழும்பின் காற்று அட்டைப்பெட்டிக்குப் பகை. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்குவன. கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தின் அயலில் உள்ளது. கடற்காற்றின் ஈரத்தை அட்டை உறிஞ்சுகிறது. அதன் இரு தாள்களுக்கு நடுவே உள்ள நெளிவுகளே அதற்கு வலிமை தருவன. ஈரம் ஏறினால் அந்நெளிவுகள் தளர்ந்து, பெட்டி பாரந்தாங்கும் ஆற்றலை இழக்கிறது. தாள்களை ஒட்டிய மாப்பசை கரப்பானுக்கு உணவாகிறது. ஐந்தாண்டு பேணிய பெட்டியைத் தேவைப்படும் நாளில் எடுத்துப் பார்த்தால், அது பெயரளவிலேயே பெட்டியாக இருக்கும்.

ஆயினும் சில பெட்டிகளுக்கு உண்மையான பயன் உண்டு. தலைநகரில் வாடகை வீட்டில் வாழ்வோர் ஒப்பந்தம் முடியும்போது வீடு மாறுகின்றனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்துக்கு லொறியில் பொருள் அனுப்புவோரும் உளர். மெல்லிய தொலைக்காட்சித் திரைக்கு அதன் சொந்தப் பெட்டியை விடச் சிறந்த காவல் இல்லை. பெட்டியிலுள்ள ரெஜிபோம் கட்டைகள் ஓரங்களை மட்டும் பற்றித் திரையைத் தொடாமல் நிறுத்துகின்றன. போர்வையில் சுற்றிப் படுக்க வைத்தால் அழுத்தம் நேரே திரையில் விழுந்து அது வெடிக்கக்கூடும்.

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தில் பெட்டியினும் முக்கியமானவை வேறுள. உள்ளே தொங்கும் உருளை பயணத்தில் ஆடாதபடி, பின்புறத்தில் சில நீண்ட ஆணிகள் முடுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிய பின்னரே இயந்திரத்தை இயக்க வேண்டும். மீண்டும் இடம் மாற்றும்போது திரும்பப் பூட்ட வேண்டும். பெட்டியைப் பல ஆண்டு காத்த வீடுகளிலும் இவ்வாணிகள் முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போய்விடுவதுண்டு.

பெட்டி இல்லாவிட்டால் உத்தரவாதம் கிடையாது என்ற அச்சமும் பலருக்கு உண்டு. பழுதுபார்க்கக் கேட்கும்போது பொதுவாக வேண்டப்படுவன பற்றுச்சீட்டும், உத்தரவாத அட்டையும், பொருளின் தொடரிலக்கமும் ஆகும். வாங்கிய சில நாட்களுள் பொருளை மாற்ற நேர்ந்தால் மாத்திரம் கடைக்காரர் பெட்டியோடு கேட்பது வழக்கம். ஆகவே, விற்பனையாளர் குறித்த மாற்றுக்காலம் முடியும்வரை பெட்டியை வைத்திருப்பது போதுமானது. பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வழங்குகிறது. இக்காலப் பற்றுச்சீட்டுகள் பல வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அமைந்தவை. மையில்லாத அவ்வெழுத்து சில மாதங்களில் மங்கி மறையும். வாங்கிய அன்றே அதனைப் படம் பிடித்துக்கொள்ளுதல் நன்று.

இதுவரை சொன்னவற்றில் பிழைத்தால் பணமே நட்டமாகும். உயிர் நட்டமாகும் இடமும் ஒன்றுண்டு. பெரிய பெட்டியைக் கண்ணெனக் காக்கும் வீட்டிலேயே மண்ணெண்ணெய் குளிர்பானப் போத்தலில் இருக்கும். கழிவறை கழுவும் திராவகம் தண்ணீர்ப் போத்தலில் இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தலின் வடிவமே அடையாளம். இலங்கையில் குழந்தைகள் தவறுதலாக அருந்தும் நஞ்சுகளுள் மண்ணெண்ணெய் முக்கியமானது. அருந்திய குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. எண்ணெய் நுரையீரலுட் புகுந்து ஆபத்தைப் பெருக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வேளையில் மூலப்போத்தலும் அதன் மேலுள்ள எழுத்தும் கையில் இருந்தால், உட்சென்றது இன்னதென்று வைத்தியர் உடனே அறிவார்.

மருந்துக்கும் இதுவே விதி. அரச வைத்தியசாலையில் சிறிய கடதாசி உறையில் தரப்படும் மாத்திரைக்கு அவ்வுறையே பெயரும் முகவரியும் ஆகும். பலவகை மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிவைத்தால், எது இரத்த அழுத்தத்துக்கு, எது நீரிழிவுக்கு என முதியவர் எவ்வாறு அறிவார்?

வேண்டாதவற்றை எறிவதிலும் பொறுப்பு உண்டு. மொட்டைமாடியில் போட்ட பொலித்தீன் மடிப்பிலும் ரெஜிபோம் குழியிலும் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்புக்குப் போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. அதே ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்திருந்த மீதொட்டமுல்லை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டு வாசலைத் தாண்டிய குப்பை எங்கோ ஒருவர் வாசலில் போய்ச் சேர்கிறது. ஆதலால், அட்டையைத் தட்டையாக மடித்து, நனையாமல் வைத்து, பழைய கடதாசி வாங்குவோரிடம் கொடுத்தல் சிறந்தது. ரெஜிபோமை எரித்தல் கூடாது. அதன் புகை தீங்கானது. பொலித்தீன் உறை குழந்தையின் முகத்தை மூடி மூச்சை அடைக்கவல்லது. அதை முதலில் அகற்ற வேண்டும்.

மாற்றுக்காலம் முடியும்வரை எல்லாப் பெட்டியும் இருக்கலாம். அதன்பின் நெடும்பயணம் போகக்கூடிய மென்பொருட்களின் பெட்டியும், இயந்திரத்தின் ஆணிகளும், பற்றுச்சீட்டும் மட்டும் எஞ்சட்டும். மருந்தும் நஞ்சும் கடைசித் துளிவரை தம் சொந்தக் கலத்திலேயே, சிறுகை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கட்டிலின் கீழுள்ள வெறும் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் இல்லத்தரசி, அதற்குமுன் சமையலறை மூலையிலுள்ள போத்தல்களை ஒருமுறை பார்த்துவருவாராயின், அவ்வீட்டில் காக்கவேண்டியது காக்கப்பட்டதாகும்.