வழக்கில் வென்றாயிற்று, நூலகத்துக்கு என்ன பதில்?

2020 மார்ச்சில் கொரோனா அமெரிக்க நூலகங்களைப் பூட்டவைத்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்நூலகம், தான் ஸ்கேன் செய்து வைத்திருந்த சுமார் 14 லட்சம் புத்தகங்களைக் காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் இரவல் தரத் தொடங்கியது. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் தருவோம் என்று அதுவரை வைத்திருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்தியது. ஜூன் முதல் தேதி ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், வைலி ஆகிய நான்கு பதிப்பகங்களும் நியூயார்க்கில் வழக்குப் போட்டன. அவற்றை ஒருங்கிணைத்தது 1970இல் உருவான அமெரிக்கப் பதிப்பாளர் சங்கம். அப்போது அதன் தலைவராக இருந்த மரியா பல்லான்டே, முன்பு அந்நாட்டின் பதிப்புரிமை அலுவலகத்துக்கே தலைமை வகித்தவர்.

முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து இரவல் தருவது பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் ‘நியாயமான பயன்பாடு’ ஆகாது என்று 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வழக்கில் இருந்தவை 127 புத்தகங்கள். வழக்கின் விளைவாக இரவலிலிருந்து எடுக்கப்பட்டவை ஐந்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ஆர்க்கைவ். தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். நூலகங்களுக்கென்று மின்நூல் உரிமம் விற்பனையில் இருக்கும்போது, அனுமதியின்றி எடுத்த நகல் அதன் இடத்தைப் பிடித்தால் எழுதியவரின் ராயல்டியில்தான் கைவைக்கிறது.

ஆனால் அந்த உரிமம் எப்படிப்பட்டது? காகிதப் புத்தகம் கிழியும்வரை நூலக அலமாரியில் இருக்கும். பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் மின்நூல் உரிமமோ இரண்டே ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். மறுபடி பணம் கட்ட வேண்டும். விலையும் தனி வாசகர் தருவதைவிடப் பல மடங்கு. புதிய மின்நூல் வெளியானால் முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே பிரதிதான் என்று 2019இல் மேக்மில்லன் பதிப்பகம் அறிவித்தது. நூலகங்கள் பல புறக்கணித்தபின் 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டது.

இந்த மனக்குறைதான் மேரிலாண்டில் சட்டமாயிற்று. பொதுமக்களுக்கு விற்கும் மின்நூலை நூலகங்களுக்கும் நியாயமான நிபந்தனையில் தர வேண்டும் என்றது அந்த மாநிலம். சங்கம் நீதிமன்றம் போனது. பதிப்புரிமை மத்திய அரசின் சட்டம், மாநிலம் அதில் குறுக்கிட முடியாது என்று வாதிட்டு 2022இல் வென்றது.

சட்டப்படி அந்த வாதத்திலும் பிழையில்லை. ஆனால் நூலகங்களின் குறை அப்படியே இருக்கிறது. சங்கமாகக் கூடி விலை நிர்ணயிக்கப் போட்டிச் சட்டம் இடம் தராது. அதனால் உறுப்பினர் பதிப்பகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே முன்வர வேண்டும். முதல் வேலையாக, காலாவதியாகாத உரிமத்தை நூலகங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்கத் தொடங்கட்டும்.