தங்கவயல் ஆஸ்பத்திரியும் புதுக்கோட்டை கிரஷர் தூசியும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் பழைய சுரங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு காலத்தில் 800 படுக்கைகள் இருந்ததாகச் சொல்லப்படும் வளாகம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியதும் ஆஸ்பத்திரிக்கும் பூட்டு விழுந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் மக்கள் அலைந்தபோதுதான் தன்னார்வலர்கள் உள்ளே நுழைந்து, குப்பையை வாரி, கழுவித் துடைத்து, அதைக் கோவிட் சிகிச்சை மையமாக மாற்றினார்கள்.

பாழடைந்த ஆஸ்பத்திரி என்றாலே பேய்க்கதை பிடிக்கக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு தங்கச் சுரங்கத்துக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி எதற்கு? அதைப் பூட்டியபோது நோயாளிகள் என்ன ஆனார்கள்?

1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. அடுத்த 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் மேலே வந்தது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் தலித் மக்களே அதிகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே உள்ள பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அடிபட்டவரை மேலே ஏற்றியதும் அறுவை சிகிச்சை செய்ய ஆள் இருந்தாக வேண்டும். அதனால் கம்பெனி ஆஸ்பத்திரி நடத்தியது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம்.

பாறை வெடித்தால் ஊருக்கே தெரியும். தூசி நுரையீரலுக்குள் போவது யாருக்கும் தெரியாது. தங்கவயலில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் எனும் படிகக் கல்லுக்குள். குவார்ட்ஸ் என்பது சிலிகா. அதைத் துளைக்கும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பொடியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் சாகின்றன. செத்த செல்லிலிருந்து துகள் வெளியே வர, அடுத்த செல் விழுங்குகிறது. இப்படியே புண்ணாகிப் புண்ணாகி நுரையீரலில் தழும்பு முடிச்சுகள் விழுகின்றன. சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்து கிடையாது. வேலையை விட்டுவிட்டாலும் வளரும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து முதல்முறையாகத் தலைகாட்டுவதும் உண்டு.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் பதிவானதே தங்கவயலில்தான், 1934இல். 1940ஆம் ஆண்டு மைசூர் அரசு அதற்கான இழப்பீட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு நோய் இருந்தது. அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர்.

இவ்வளவும் தெரிந்தது எதனால்? தொழிலாளி ஓரிடத்தில் இருந்தார், அவர் மார்பைப் படமெடுக்க எக்ஸ்ரே இருந்தது, இந்த ஆண்டுப் படத்தையும் பழைய படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் இருந்தார். 2001இல் நின்றுபோனது இந்த ஏற்பாடு. சுரங்கம் நஷ்டத்தில் ஓடியது உண்மை. மூடியதற்குக் கணக்கு காட்டலாம். ஆனால் கடைசி ஷிப்டில் நாற்பது வயதில் ஏறி வந்தவருக்கு அதன்பின்தான் மூச்சிரைப்பு தொடங்கும். அவருக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்ட ஆண்டுகளும் அது பூட்டிக் கிடந்த ஆண்டுகளும் ஒன்றே. இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் இதை எட்டத்துக் கதையாகப் படிக்க வேண்டாம். திருமயம், குளத்தூர் வட்டாரங்களில் கல் குவாரிகளும் கிரஷர்களும் ஓடுகின்றன. நாம் உடைக்கும் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் கணிசமாக இருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கும் இடத்தில் பறக்கும் வெள்ளைப் பொடியில் அதே சிலிகாதான். தங்கவயலில் ஆஸ்பத்திரி இருந்து மூடப்பட்டது. கிரஷர் தொழிலாளிக்கோ, ஆரம்பத்திலிருந்தே அப்படி ஒன்று இல்லை. இன்று ஒரு கிரஷர், அடுத்த வருஷம் இன்னொன்று, பிறகு சொந்த ஊர் என்று போகிறவரின் மார்புப் படத்தை யார் வைத்திருப்பார்கள்?

தூசியைத் தடுக்கும் வழி புதிதல்ல. துளைக்கும்போதே கம்பியின் நடுவே தண்ணீர் பாய்ச்சினால் பொடி சேறாகி வழியும், காற்றில் ஏறாது. கிரஷரில் கல் விழும் வாயிலும் பெல்ட்டிலும் தண்ணீர் தெளிப்பான், இயந்திரத்தைச் சுற்றி மூடுதகரம்: இவை வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது.

சிலிகோசிஸ் நோயாளிகளுக்காக ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மணற்கல் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் பல ஆண்டுகள் போராடி வாங்கியது அது.

கல் வேலை பார்த்தவருக்கு விடாத இருமலும் படியேறினால் மூச்சிரைப்பும் இருந்தால், பெரும்பாலும் காசநோய் என்றே முதலில் சந்தேகிப்பார்கள். சந்தேகத்தில் தவறில்லை, சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரைப்பு தீரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கே போனாலும், எந்தெந்தக் குவாரியில், எந்த இயந்திரத்தில், எத்தனை வருஷம் வேலை பார்த்தோம் என்பதை டாக்டர் கேட்காமலே அவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். கண்டறியும் மருத்துவர் உரிய அரசு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தைத் தேதியோடு வாங்கி வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.