புரதத்திற்கு ஓர் அடையாளச் சீட்டு

ஹௌரா நிலையத்தில் ஒரே நிறத்துத் தகரப் பெட்டிகள் குவிந்து கிடக்கும்போது, தமிழில் பெயர் தீட்டிய நம் பெட்டியைத் தொலைவிலிருந்தே நாம் கண்டுகொள்கிறோம். அவ்வெழுத்து பெட்டியோடு பிறந்ததன்று, நாம் இட்டது. ஏறக்குறைய இதே உபாயத்தைத்தான் உயிர் வேதியியலாரும் கையாளுகின்றனர்.

மருந்துக்கோ ஆராய்ச்சிக்கோ வேண்டிய புரதத்தின் மரபணுவை ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் புகுத்தினால், அது அப்புரதத்தைத் தன்னுள் ஆக்கித் தருகிறது. ஆனால் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதனை உடைத்துப் பெற்ற கலவையிலிருந்து வேண்டியதைப் பிரிப்பது எங்ஙனம்? முன்னர் ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் பருமனையும் மின்னேற்றத்தையும் ஆய்ந்து தனி வழி வகுக்க வேண்டியிருந்தது.

மரபணுவின் நுனியில் சில எழுத்துக்களைக் கூட்டினால், புரதத்தின் நுனியில் ஒரு சிறு வால் முளைக்கும். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறு தொடர்ந்து அமைந்த வாலே பெருவழக்கு. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவன ஆய்வாளர் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியது. ஹிஸ்டிடின் நிக்கலைப் பற்றும் இயல்புடையது. நிக்கல் பதித்த நுண்மணிகளைக் குழாயில் நிரப்பிக் கலவையை ஊற்றினால், வாலுடைய புரதம் ஒட்டிக்கொள்ளும், ஏனையவை வழிந்தோடும். பின்னர் இமிடசோல் கரைசலை ஊற்றுவர். ஹிஸ்டிடினின் பக்கக் கிளையில் இருப்பதும் இமிடசோல் வளையமே; ஆதலின் அது போட்டியிட்டு நிக்கலைத் தான் பற்றிப் புரதத்தை விடுவிக்கிறது.

கண்டறிவதற்கு 1988இல் வெளியான ‘ஃபிளாக்’ வால் உதவும். எட்டே அமினோ அமிலங்கள். அதனைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றிருந்தால், அவ்வால் எப்புரதத்தில் இருப்பினும் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும், சீட்டு இருப்பதாலேயே சரக்கு சரியென்று கொள்ளலாகாது. புரதத் தொடர் முன்நுனியிலிருந்தே பின்னப்படுகிறது. வாலும் அங்கேயே இருந்தால், பாதியில் நின்ற துண்டுகளும் குழாயில் ஒட்டும். பின்நுனியில் வைத்தால் முழுதும் பின்னப்பட்டவையே வால் பெறும். வால் மடிப்புக்குள் மறைந்துபோனால் நிக்கலுக்கு எட்டாது. இவை போதாவென்று, ஹிஸ்டிடின் மிகுந்த பாக்டீரியப் புரதங்கள் சில அழையா விருந்தாளிகளாய் வந்து ஒட்டுகின்றன. கழுவும் நீரிலேயே சிறிது இமிடசோல் சேர்ப்பது இவற்றை விலக்கத்தான்.

நோயாளியின் உடலில் செலுத்தும் மருந்தாயின், வாலை நறுக்கிவிடுவதே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. இதற்கென வாலுக்கும் புரதத்துக்கும் இடையே, என்டிரோகைனேஸ் போன்ற நொதி வெட்டக்கூடிய ஓரிடத்தை முன்கூட்டியே அமைத்துவிடுவர். ஹிஸ்டிடின் வாலை வெட்டியபின், கலவையை மீண்டும் நிக்கல் குழாயில் ஊற்றுவார்கள். இம்முறை அறுந்த வால்களும், வெட்டுப்படாதவையும், முன்பு ஒட்டிய விருந்தாளிகளும் உள்ளே தங்கிவிட, வேண்டிய புரதம் வழிந்து வெளிவருகிறது.