எரிந்த காற்றாலை எழுபது வருஷம் கழித்து எழுந்த கதை



காற்றாலை என்றதும் கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடிதான் நமக்கு ஞாபகம் வரும். கரண்ட் வருவதற்கு முன்னாலேயே நெதர்லாந்து நாட்டில் காற்றை வைத்தே மாவு அரைத்தார்கள், மரம் அறுத்தார்கள், பள்ளமான நிலத்திலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். 1850 வாக்கில் அங்கே சுமார் 10,000 காற்றாலைகள். நீராவி எஞ்சினும் மோட்டாரும் வந்தபிறகு ஒவ்வொன்றாக இடிந்துபோய், இன்று 1,200 போலத்தான் மிச்சம்.

அதில் ஒன்று ஹார்லெம் நகரத்து ஆற்றங்கரையில் இருக்கிற 'அட்ரியான்'. 1779-ல் ஓடத் தொடங்கியது. கட்டியவர் பேரே ஆலைக்கும் பேர். முதலில் கட்டடச் சாந்துக்கான கல்பொடியும், தோல் பதனிடுகிற மரப்பட்டைத் தூளும் அரைத்தார்கள். 1802-ல் கைமாறியதும் அரைத்தது என்ன தெரியுமா? மூக்குப்பொடி! பிறகு தானியம்.

சுற்றிலும் வீடுகள் காற்றை மறைக்கும் என்பதால் ஆலையை உயரமாகக் கட்டி, இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஒரு சுற்றுத் தளம் வைத்தார்கள். ஆலைக்காரர் அதில் நின்று, காற்று வருகிற பக்கம் பார்த்து, ஆலையின் தலைப்பகுதியை இறக்கைகளோடு சேர்த்துத் திருப்புவார். இறக்கை சுற்றினால் உள்ளே மரப் பல்சக்கரங்கள் சுற்றும், அவை அரவைக் கல்லைச் சுற்றும். நம்ம வீட்டுத் திருகையைக் காற்று வந்து சுற்றுகிற மாதிரி.

1925-ல் ஆலையை இடிக்கப் போகிறார்கள் என்றதும், காற்றாலைகளைக் காப்பதற்கென்றே ஆரம்பித்த ஒரு சங்கம் அதை விலைக்கு வாங்கியது. அப்படிக் காப்பாற்றியும், 1932 ஏப்ரல் 23 அன்று தீப்பிடித்து எரிந்துபோச்சு. மரம்தானே!

ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. உடனே வசூல் தொடங்கினார்கள். ஆனால் வசூலான பணத்துக்கும் கட்டுகிற செலவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. பிறகு உலகப் போர். வருஷங்கள் ஓடின. அன்றைக்குக் காசு கொடுத்த பெரியவர்களில் பலர் இதன் முடிவைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

1991-ல் இந்த ஒரு வேலைக்காகவே தனி அறக்கட்டளை அமைத்தார்கள். 1999-ல் வேலை தொடங்கியது. 2002 ஏப்ரல் 23, ஆலை எரிந்த அதே தேதியில், திறப்பு விழா நடந்தது.

இப்போது அது மியூசியம். ஆலையைச் சுற்றிக் காட்டுவது தன்னார்வலர்கள். அந்த நாட்டில் காற்றாலை ஓட்டப் பயிற்சி எடுத்து, பரீட்சையும் எழுதி, சம்பளமில்லாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பெண்களும் உண்டு. இந்தத் தொழில்திறமையை 2017-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.